திருப்பிக் கொட்டின சருகு

லாஸ்பேட்டை மேட்டில் எனக்கு முக்கால் காணி சவுக்குத் தோப்பு இருந்தது. எங்க அப்பா எனக்கென்று எழுதி வைத்தது. வீட்டுக்காரர் பேரில் இல்லை, என் பேரில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த நிலத்தில் எது நடந்தாலும் 'அவ எப்படி வுட்டா' என்றுதான் ஊர் கேட்டது. அவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

சவுக்கு என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே வழக்கம்தான். நெருக்கமாக வரிசை பிடித்து நடுவோம். முதல் இரண்டு கோடைக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றுவோம். பிறகு அது பாட்டுக்கு வளரும். ஐந்தாறு வருஷத்தில் கழி தேறினதும் மேஸ்திரி ஆட்களோடு வந்து மொத்தமாக வெட்டிச் சாய்ப்பார். வேரையும் தோண்டி விறகுக்கு அனுப்பிவிட்டு, நிலத்தை உழுது, மறுபடியும் வரிசை. நடுவில் விழுகிற சருகைத் தெருப் பெண்கள் பெருக்கி மூட்டை கட்டி அடுப்புக்குக் கொண்டு போவார்கள். எங்கள் தோப்பில் பெருக்குவது எங்கள் தெருவுக்கு உரிமை, என் அம்மா நாளிலிருந்து அப்படி. பெருக்கின தோப்பு கூடம் மாதிரி இருக்கும். ஊசி விழுந்தாலும் கண்ணில் படும். அந்தச் சுத்தத்தில் எனக்கு ஒரு கர்வம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வெட்டு வந்தது. மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. என் வீட்டுக்காரர் முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். வாயைத் திறக்காத மனுஷன். சோற்றில் உப்பு இல்லை என்றால்கூடச் சொல்ல மாட்டார், தானே எழுந்து போய்ப் போட்டுக்கொள்வார். அவர் ஒரு லீவு நாளில் தோப்பில் என் பின்னாலேயே நடந்து வந்து சொன்னார்.

“இந்த வாட்டி ஒண்ணு வுட்டு ஒண்ணு எடுத்தாப் போதும். மொத்தமா வாணாம்.”

“ஏன், மேஸ்திரி ஏதாவது வம்பு பண்றாரா?”

“அதில்ல. நடுவுல வேற மரம் வரட்டும்.”

“வேற மரம்னா? தென்னையா, முந்திரியா?”

“எது வருதோ அது.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு சவுக்கு அடியில் குனிந்து காட்டினார். பெண்கள் பெருக்கும்போது தப்பின ஒரு நாவல் கன்று, விரல் நீளம் இருக்கும். “வெயில்ல இது காஞ்சிருக்கும். சவுக்கு நெழலு குடுக்குது, அதனால நிக்குது. சருகப் பெருக்காம வுட்டா இன்னும் நிறைய வரும். அதுங்க பெருசாகப் பெருசாக சவுக்க ஒண்ணொண்ணா எடுத்துக்கலாம்” என்றார்.

“எடுத்துட்டு?”

“காடா இருக்கட்டும்.”

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. காட்டை அழித்து நிலம் ஆக்குவார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். நல்ல தோப்பைக் காடாக்க ஒரு மனுஷன் கேட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். வடக்கே செம்மண் மேட்டில் வெள்ளைக்காரர்கள் வந்து மரம் நடுகிறார்கள் என்று பேச்சு இருந்தது. அங்கே யாராவது இவர் மனசைக் கலைத்துவிட்டார்களா என்று கேட்டேன். அவர்களை அவர் பார்த்ததுகூட இல்லையாம்.

“அப்புறம் இன்னாத்துக்குங்க இந்த ஆச?”

அவர் கையை நீட்டி வரிசைகளைக் காட்டினார். “நாளெல்லாம் தறிங்க நடுவுல நிக்கறேன். ஒரே ஒசரம், ஒரே எடவெளி. லீவுன்னு இங்க வந்தா இதுவும் அப்படியே நிக்குது. எனக்கு மூச்சு முட்டுது.”

கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த அதிர்ச்சியில்தான் நான் சரி என்றேன் என்று நினைக்கிறேன். ஆனால் நிலம் என்னுது. அதனால் ஒரு கெடு வைத்தேன்.

“இப்ப பாதிய எடுப்போம். மீதிய இன்னும் ரெண்டு வெட்டுக் காலத்துக்கு வுடறேன், பன்னண்டு வருசம். அதுக்குள்ள நீங்க சொல்ற காடு நின்னா நிக்கட்டும். நிக்கலன்னா, வேரோட பேத்துட்டு மறுபடி சவுக்குதான். அப்ப வாயத் தொறக்கக் கூடாது.”

“சரி” என்றார்.

மேஸ்திரி வந்து ஒன்று விட்டு ஒன்று எடுத்தார். இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று என்னைப் பார்த்த பார்வை இப்போதும் ஞாபகம் இருக்கிறது. தெருவில் நான் காரணம் சொல்லவில்லை. எங்கள் வீட்டு யோசனையை வீதியில் வைத்துப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. “கொஞ்ச நாளைக்கி எங்க தோப்புல பெருக்க வேணாம்” என்று மட்டும் சொன்னேன். எதிர்வீட்டு அக்காதான் தெருப் பெண்களுக்குத் தலைவி மாதிரி. அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சரிடி, பக்கத்துத் தோப்புல பெருக்கிக்கறோம்” என்றாள். அதோடு விட்டது என்று இருந்தேன்.

அடுத்த வருஷம் ஒரு நாள் காலை ஷிப்டு முடிந்து அவர் நேரம் கழித்து வந்தார். டிபன் கேரியரை என் கையில் கொடுக்காமல் கிணற்றடியில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். நான் எடுத்துத் திறந்தேன். மேல் தட்டு காலி. அடித்தட்டில் கறுப்பாக, காய்ந்து, உருண்டை உருண்டையாக என்னவோ. முகர்ந்து பார்த்தேன்.

“இது இன்னாங்க?”

“மரநாய்ப் பீ.”

நான் சாதம் போட்டு அனுப்புகிற பாத்திரம். விடிகாலையில் எழுந்து புளி போட்டுத் துலக்கி, துணியால் துடைத்து அனுப்புகிற பாத்திரம். நான் அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே போடக்கூடத் தோன்றவில்லை.

அவர் நிதானமாக விளக்கினார். மேற்கே ஒரு கிராமத்தில் அய்யனார் கோயிலைச் சுற்றிப் பழைய காடு. அங்கே இல்லாத மரம் இல்லை. ஆனால் அந்தக் காட்டிலிருந்து ஒரு சுள்ளிகூட வெளியே வரக் கூடாது என்பது அந்த ஊர்க் கட்டு. கொட்டையும் அப்படித்தான், அது சாமி சொத்து. இவர் வேலியோரமே சைக்கிளை நிறுத்திவிட்டு என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். வண்டிப் பாதைக் கல்லின் மேல் மரநாய் எச்சம் கிடந்ததாம், முழுக்க விதை. பூசாரியிடமே போய்க் கேட்டிருக்கிறார்.

“உள்ள பொறுக்கினா திருட்டு. அது தின்னுட்டு வெளிய வந்து போட்டா, சாமி குடுத்ததுன்னு சொன்னாரு.”

“சாமி குடுத்தத வாங்க என் டிபன் கேரியர்தான் கெடச்சுதா?”

“பையில போட்டா நசுங்கிடும்ல.”

அந்தக் கேரியரை நான் அதற்கப்புறம் தொடவில்லை. அது விதைக் கேரியர் ஆகிவிட்டது. அவருக்குச் சாப்பாடு தூக்குச் சட்டியில் போனது. பழம் பழுக்கிற மாதங்களில் அவர் அந்தக் கோயில் வண்டிப் பாதை வழியாகத்தான் வீடு திரும்புவார். எச்சத்தைக் கரைத்து, சருகை ஒதுக்கி, சவுக்கு நிழலில் அங்கங்கே புதைப்பார். நறுவிலி, வெப்பாலை, காசா, களா என்று கன்றைத் தடவிப் பேர் சொல்வார். எனக்கு எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரிந்தது. சில வருஷத்தில் இடுப்பளவு, தோளளவு என்று தோப்புக்குள் புதர் கட்டியது. எனக்குப் பார்க்கவே கூச்சமாக இருக்கும். தலை வாராத பெண்ணை வாசலில் நிறுத்தின மாதிரி இருந்தது.

எண்பது பிறந்த பிறகு அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. பஞ்சுத் தூசியைத் தின்ற மில்லுக்காரர்கள் நிறையப் பேருக்கு வந்ததுதான். ஆடி மாசம் மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நானும் கூடவே தங்கிவிட்டேன். வீட்டுச் சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். அவள் ஆட்டைப் பார்த்துக்கொண்டாள், கூட்டிப் பெருக்கினாள், ரசம் வைத்துக் கொடுத்தனுப்பினாள். ஒரு வீட்டில் ஆள் படுத்தால் அந்த வீட்டு வேலையைத் தெரு செய்யும். அதற்கு யாரும் நன்றி சொல்வதில்லை, யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

புரட்டாசியில் அவரை அனுப்புகிறோம் என்றார்கள். ஒரு நாள் முன்னாடி நான் மட்டும் வந்தேன், அடுப்பு மூட்டி வீட்டைக் கொஞ்சம் சரி பண்ணி வைக்கலாம் என்று. தெரு முனையில் திரும்பினதும் என் வீடு தெரியவில்லை. வாசலை மறைத்துக்கொண்டு, ஓட்டுத் தாழ்வாரம் வரைக்கும் மூட்டை. சாக்கு மூட்டை, பழைய புடவையில் கட்டின மூட்டை, ஓலைப் பாயில் சுருட்டின மூட்டை.

எதிர்வீட்டு அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். முகம் பூரா சிரிப்பு.

“இன்னாடி முழிக்கற? உங்க தோப்புச் சருகுதான். தெருப் பொம்பளைங்க எல்லாம் சேந்து பெருக்கிட்டோம். ஒரு பிடிகூட எங்க வீட்டுக்கு எடுக்கல. ரெண்டு வருசத்துக்கு நீ வெறகு பொறுக்கப் போவ வாணாம்.”

நான் மூட்டைகளைப் பார்த்தேன், அவள் மேலே சொல்லிக்கொண்டே போனாள்.

“அந்த மனுசனுக்கு மூச்சு வாங்குது, தோப்பப் பாக்க முடியல. நீயும் வாயத் தொறந்து ஒரு உதவி கேக்க மாட்ட. உன் ரோசம் எங்களுக்குத் தெரியாதா? எத்தினி வருசமா கெடக்குது, புதரு மண்டி, பாம்பு அடஞ்சி. எல்லாத்தையும் புடுங்கிப் போட்டு, வராதத அருவாளால சீவிட்டு, பழையபடி ஆக்கிட்டோம். போய்ப் பாரு, உங்கம்மா காலத்துல இருந்த மாதிரி இருக்கும்.”

நான் பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. மேட்டுக்கு நடந்தேன். ஓடினேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

அவள் சொன்னது அப்படியே உண்மை. சவுக்கு வரிசையும் சுத்தமான தரையும், நடுவில் ஒன்றுமே இல்லை. துடைப்பம் இழுத்த கோடுகள் மண்ணில் வளைவு வளைவாகத் தெரிந்தன. எத்தனை கைகள் சேர்ந்து குனிந்து பெருக்கியிருந்தால் அப்படி இருக்கும். அங்கங்கே கட்டைவிரல் தடிமனில் சீவின அடிக்கட்டைகள், வெட்டு வாய் காய்ந்து வெளுத்துக் கிடந்தன. என் ஆயுசு பூரா நான் பெருமைப்பட்ட சுத்தம் அது. அன்றைக்கு அதைப் பார்த்து நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

யாரைத் திட்டுவது? திட்டினால் வாய் அழுகிப் போகும். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற மனுஷனுக்கு நாளைக்கு என்ன சொல்வது?

சொல்ல நான் வழி தேடிக்கொண்டிருக்கும்போதே மறுநாள் ரிக்‌ஷா வாசலில் வந்து நின்றுவிட்டது. அவர் இறங்கி, மூட்டைகளைப் பார்த்தார். மெதுவாக ஒரு மூட்டை வாயை அவிழ்த்துக் கையை விட்டார். சருகோடு ஒரு கன்று வந்தது, வேரும் இலையுமாகக் காய்ந்து. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதிர்வீட்டு அக்கா வந்து, “எப்படி கீறீங்க?” என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர் கன்றை மூட்டைக்குள் வைத்தார். இரண்டு கையையும் சேர்த்து அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார். “ரொம்ப செரமப்பட்டிருக்கீங்க” என்றார்.

அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது.

உள்ளே வந்து படுத்தவர், சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். “வெறும் தரையா இருக்குது. மழ வந்தா மேட்டு மண்ணு அத்தனையும் ஓடிடும். வேரு வெளிய தெரிஞ்சிடும். சருகத் திருப்பிக் கொண்டு போய்ப் போடணும். அதுல வெத கெடக்கும். சீவின கட்ட துளுக்கவும் துளுக்கும்.”

“திருப்பிப் போடறதா? தெருவே சேந்து தூக்கிட்டு வந்தத, தெரு கண்ணெதிர வண்டி வச்சி திருப்பியா?”

“நெலம் உன்னுது. நீதான் சொல்லணும்.”

அவருக்கு அது போனால் வேறொன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். மில்லுக்கு இனிமேல் போக முடியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு இழுக்கும்போதும் வெப்பாலைக்குத் தண்ணி, காசா துளிர்த்ததா என்றுதான் பேச்சு. ஆனால் அன்றைக்கு என்னை எழுப்பினது இரக்கம் இல்லை. கெடு வைத்தவள் நான். அந்தக் கெடு முடிய இன்னும் காலம் இருந்தது. நான் கொடுத்த காலத்தைப் பாதியில் இன்னொருத்தர் துடைப்பத்தால் பிடுங்கிக்கொண்டு போக விடுவேனா? என் வாக்குக்கு என்ன மரியாதை? வண்டிக்காரருக்குச் சொல்லி அனுப்பினேன்.

பட்டப்பகலில் வண்டி வந்தது. வண்டிக்காரர் மூட்டையைத் தூக்கிக்கொண்டே, “எல்லாரும் தோப்புலேந்து வூட்டுக்கு ஏத்துவாங்கம்மா. நீங்க வூட்லேந்து தோப்புக்கு ஏத்தறீங்க. என் மாடே கொழம்புது” என்றார். தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. எதிர்வீட்டு அக்கா மட்டும் நடுத்தெருவுக்கு வந்து வண்டியை மறித்தாள்.

“ஏண்டி, எங்க கை பட்ட சருகு உங்க அடுப்புல எரியாதோ?”

“அப்படி இல்லக்கா.”

“வேற எப்படி? சொல்லிட்டுப் போ.”

வாழ்நாளில் முதல் முறையாக நடுத்தெருவில் நின்று எங்கள் வீட்டு விஷயத்தைச் சொன்னேன். தறி வரிசை, ஒன்று விட்டு ஒன்று, மரநாய், டிபன் கேரியர், கெடு, ஒன்று விடாமல். சொல்லச் சொல்ல எனக்கே பைத்தியக்காரத்தனமாகத்தான் கேட்டது. யாரோ ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. அவள் முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆனது.

“அப்ப நாங்க புடுங்கினது…”

“அவரு வளத்ததுதான்.”

“இதச் சொல்லித் தொலைக்க உனக்கு எத்தினி வருசம்டி ஆச்சு?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் தோப்பில் தனியாக மூட்டைகளை அவிழ்த்துப் பரப்பிக்கொண்டிருந்தேன். அவரால் நடக்க முடியாது. இரண்டாவது வண்டி வந்து போனது. இடுப்பு விட்டுப் போகிற நேரத்தில் மேட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. முன்னால் அக்கா, பின்னால் தெருப் பெண்கள், ஆளுக்கொரு மூட்டை தலையில். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மூட்டையைப் பொத்தென்று போட்டாள்.

“தள்ளு. பெருக்கத் தெரிஞ்சவளுக்குப் பரப்பத் தெரியாதா?”

பரப்பி முடிக்கிற வரைக்கும் என்னையும் அவரையும் எங்கள் இரண்டு குடும்பத்தையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே இருந்தாள். சீவின கட்டைகளைச் சுற்றி மட்டும் அவள் கையால் சருகை அணைத்து வைத்ததைப் பார்த்தேன்.

ஐப்பசி மழை வந்தது. மண் ஓடவில்லை. கார்த்திகையில் போய்ப் பார்த்தால் எனக்கு இன்னொரு அதிர்ச்சி, தோப்பு முழுக்கப் பூசணிக் கொடி. மூட்டைகள் என் வாசலில் கிடந்தபோது தெருக் குப்பையும் விதையும் சேர்ந்திருக்க வேண்டும். மிளகாய், தக்காளி, ஒரு மூலையில் பரங்கி. பொங்கலுக்குத் தெருவே அங்கே போய்ப் பறித்தது. “காடு வளக்கறேன்னு கொழம்பு வெச்சிக் குடுத்துட்டாரு” என்று அவரைக் கேலி பேசினார்கள். அந்தக் கொடிகளுக்கு அடியில் சீவின கட்டைகள் நாலைந்து கிளையாகத் துளிர்த்திருந்தன. எல்லாமும் இல்லை. காசா பாதி செத்துப் போச்சு. களா ஒன்றுகூடத் தப்பவில்லை.

இரண்டு மூன்று வருஷம் கழித்துக் கெடு முடிந்தது. மேஸ்திரி வந்தார், தலை நரைத்திருந்தது. இவர் காலையிலேயே எழுந்து முகச்சவரம் பண்ணிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நிக்குதா, நிக்கலையா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா. என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார். நான் மேஸ்திரியோடு கிளம்பினேன்.

உள்ளே போனதும் மேஸ்திரி நின்றுவிட்டார். நாவல் அவர் தலைக்கு மேல் நின்றது. நறுவிலியில் பழம் கொத்துக் கொத்தாக. கால் வைத்த இடமெல்லாம் மெத்தென்று ஈரம், அந்தப் பங்குனி வெயிலில். இன்னொருத்தர் நிலத்துக்குள் வந்துவிட்டேனோ என்று எனக்கே ஒரு நிமிஷம் திக்கென்று இருந்தது.

“இதெல்லாம் மொதல்ல கழிச்சிடறோம். அப்புறம் சவுக்க மொத்தமா சாச்சிடலாம். வேரத் தோண்ட ஆளுங்க நாளைக்கி வருவாங்க” என்றார் மேஸ்திரி.

“வேரு வாணாம். இதுல எதையும் தொட வாணாம். சவுக்குல நான் காட்டறத மட்டும் எடுங்க. கயிறு கட்டி, நான் சொல்ற பக்கம் சாய்க்கணும்.”

“அப்படி வெட்டி எனக்குப் பழக்கம் இல்லம்மா. மரம் வுழற பக்கம் வுழும்.”

“பழகிக்குங்க. எல்லாம் பழக்கந்தான்.”

அவர் தன் ஆட்களைப் பார்த்தார். ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்து மரத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். ஒவ்வொன்றாகக் கயிறு கட்டிச் சாய்த்தார்கள். மத்தியானம் ஆனது. கடைசி மரம் மட்டும் கயிறு நழுவிக் கொஞ்சம் தள்ளி விழுந்தது.

வீட்டுக்கு வந்தேன். அவர் அதே நாற்காலியில் இருந்தார். காலையில் வைத்த கஞ்சி அப்படியே ஆறிக் கிடந்தது.

“காடு நிக்குது” என்றேன். “சவுக்குல கொஞ்சம் எடுத்தோம். மீதி அப்புறமா பாத்துக்கலாம். இனிமே கெடு கெடையாது.”

அவர் தலையை ஆட்டினார். கண் கலங்கினதா என்று பார்த்தேன், தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “கன்னுங்க மேல எதுவும் வுழலையே?” என்று கேட்டார்.

“நாவல்ல ஒரு கெள ஒடிஞ்சிது.”

“எந்தக் கெள?”

“கெழக்குப் பக்கம். பெரிசு.”

அவர் கஞ்சியைத் தள்ளி வைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். முக்கால் காணியை விட்டுக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறேன். அந்த மனுஷன் ஒரு கிளைக்காகப் பொழுது சாய்கிற வரைக்கும் என்னோடு பேசவில்லை. நான் அந்தக் கஞ்சியை எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் அடுப்பில் வைத்தேன்.